பச்சைப் பாட்டில்கள் வைத்த வீடு

அப்பா,

உங்கள் பாட்டில்களில் ஒன்று இப்போது சேலத்தில், என் அலுவலக மேசையில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றி மணிபிளாண்ட் கிளை ஒன்றை வைத்திருக்கிறேன். எத்தனை முறை கழுவியும் உள்ளிருந்து துரு வாசனை போகவில்லை. மழை விட்டதும் நம் தளத்தின் மேல் நின்றால் மூக்கில் ஏறுமே, அதே வாசனை. வேலைக்கு நடுவே அது வந்துவிடுகிறது. எழுந்து ஜன்னல் வரை போகிறேன். திரும்பி வந்து உட்காருகிறேன். மறுபடி எழுகிறேன். பக்கத்து மேசை அக்கா, "ஏஞ்சாமி, சேருல எறும்பு ஏதும் கடிக்குதா?" என்கிறார். இல்லீங்கக்கா என்று சிரித்துவிட்டு உட்காருகிறேன். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்ல வேண்டும்.

கம்பிகளை வெட்டியாயிற்று, அப்பா.

மாரமங்கலம் பஸ் போகும் சாலைக்குக் கீழே, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் நீங்கள் எழுப்பிய வீடு, தளம் போட்டதோடு நின்றது. ஹால், ஓர் அறை, சமையலறை. வெளிப்பக்கம் படிக்கட்டு பாதி வரை ஏறி அந்தரத்தில் முடிந்திருக்கும். ஆனால் தளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பிகளை மட்டும் நீங்கள் வெட்ட விடவில்லை. மாடி எடுக்கும்போது வேண்டும் என்றீர்கள். இந்த மலைப் பனியில் இரும்பு நிற்காது என்று தெரிந்து, நீங்கள் காவல் காத்த பங்களாவில் விருந்தாளிகள் குடித்துப்போட்ட பச்சைப் பாட்டில்களைச் சாக்கில் அள்ளிவந்து, ஒவ்வொரு கம்பி முனையிலும் ஒன்றைக் கவிழ்த்து வைத்தீர்கள். காற்றடித்தால் அவை கிணுகிணுவென்று ஆடும்.

ஒண்டிக்கடை ஸ்டாப் டீக்கடையில் ஒருநாள் நானும் உடனிருந்தேன். கடைக்காரர் கேட்டார்: "ஏனுங்க, அத்தன பாட்டிலும் நீங்களே காலி பண்ணதுங்களா?"

நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, "நான் தொடறதில்லீங்க. ஊடுதான் குடிக்குது" என்றீர்கள். கடையே சிரித்தது. நான் வெட்கத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். கல்லூரிக்குப் போகும் வயதில்!

பஸ்ஸில் வரும்போது, சாலை வளைந்து திரும்பும் இடத்தில் ஜன்னல் வழியே கை நீட்டுவீர்கள். மரங்களுக்கு நடுவே வெயில் பட்டுப் பச்சையாக மின்னும். "அதா பாரு கண்ணு, நம்ம ஊடு." பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்கும் காட்டுவீர்கள். "மாடி இன்னும் எடுக்கோணுங்க," என்று தவறாமல் சேர்த்துக்கொள்வீர்கள்.

உங்களுக்கு மாடி ஏன் அத்தனை முக்கியம் என்று வெகுநாள் எனக்குப் புரியவில்லை. அந்த பங்களாவின் பின்கட்டில், ஒற்றை அறையில்தானே நாம் மூவரும் இருந்தோம். முன்னால் அத்தனை அறைகள். தினமும் திறந்து, கூட்டி, பூட்டுவீர்கள். சேலத்திலிருந்து முதலாளி குடும்பம் எப்போதாவது வரும். வந்த சாயங்காலமே குளிர் தாங்காமல் எல்லோரும் சமையலறை அடுப்பைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொள்வார்கள். "இதுக்கு எதுக்கு இத்தன ரூமு?" என்று அம்மா உங்களிடம் முணுமுணுப்பாள். யாருமில்லாத ஹாலில் எரியும் விளக்கை அணைக்க நீங்கள் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ஒருமுறை நானே கேட்டேன். "நமக்கு எதுக்குங்கப்பா மாடி?"

அப்போது நான் அம்மாவின் பழைய சேலையைக் கயிற்றில் கட்டி, அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். உடை மாற்றுவதும் அங்கேதான். அழுவதும் அங்கேதான். நீங்கள் சேலையை விலக்காமல் வெளியிலிருந்தே பதில் சொன்னீர்கள். "மேல ஒரு ரூமு உனக்குக் கண்ணு. கதவ சாத்திக்கிட்டு இருக்கலாம்."

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அம்மாவும் நானும் அந்தப் புது வீட்டுக்கே வந்துவிட்டோம். முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது. பாட்டில்கள் கம்பியின் முனையைத்தான் காத்தன. கம்பி தளத்துக்குள் இறங்கும் இடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்து, சுவரில் செம்பழுப்புக் கோடாக இறங்கியது. அம்மா கட்டிலை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இழுத்துக்கொண்டே இருந்தாள்.

மேஸ்திரி வந்து பார்த்தார். "ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. ஒண்ணு, மேல எழுப்புங்க. இல்லாட்டி கம்பிய வெட்டி, பூசி, தளத்து மேல தட்டோட்டுக் கல்லு பதிச்சிருங்க. இப்பிடியே உட்டா கீழ இருக்கறதும் நிக்காதுங்க."

சித்தப்பா துள்ளிவிட்டார். "எழுப்பறதுதான். அண்ணன் ஆசப்பட்ட ஊடு. பாப்பாவுக்குத்தான் வேல இருக்குதே, லோன் குடுப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார், ஏதோ ரகசியம் போல: "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க மாடி ஊடான்னுதான் மொதல்ல பாப்பாங்க."

நான் என்றைக்குப் பேசியிருக்கிறேன்? எனக்காகப் பேசியவர் நீங்கள்தான். கல்லூரியில் சேர்க்கும்போதுகூட என் பெயரை நீங்கள்தான் சொன்னீர்கள்.

என் வேலையை நீங்கள் பார்க்கவில்லை. வீடு கட்டி விற்கும் நிறுவனத்தில் விசாரிக்க வருகிறவர்களை உட்கார வைத்து, வரைபடம் காட்டுவது. நம்ப மாட்டீர்கள், பெரிய வீட்டைக் கேட்டு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். போன வாரம் வயதான தம்பதியர் வந்தார்கள். கணவருக்கு மூன்று படுக்கையறை வேண்டும். அந்த அம்மா வரைபடத்தைத் திருப்பி வைத்துவிட்டார். "கூட்டித் தொடைக்கறது யாரு, நீங்களா? ஒத்த ரூமே போதும் கண்ணு, அதக் காட்டு." "ஒறம்பற சனம் வந்தா?" என்றார் கணவர். "வந்தா பாய் இருக்குது." புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சின்னதே குடுங்க மேடம். லோன் கட்டுனதுக்கப்பறம் சோறும் திங்கோணுமில்லீங்களா." அவர்கள் யாரும் தோற்றுப்போனவர்கள் போல எழுந்து போகவில்லை. அடுப்பை எங்கே வைப்பது, துணி எங்கே காயப்போடுவது என்று பேசிக்கொண்டே போனார்கள்.

அவர்களிடம் சின்ன வீட்டின் நன்மைகளை நான்தான் எடுத்துச் சொல்கிறேன். நம்பித்தான் சொல்கிறேன். அப்படியானால் நம் வீட்டு விஷயத்தில் மட்டும் ஏன் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை? பஸ்ஸில் போனால் சாலை தெரியவில்லை, வீடுகளின் தலைதான் தெரிகிறது. எந்தத் தளத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, எது துருப்பிடித்துவிட்டது, எது சாந்து பூசிக் காத்திருக்கிறது. சேலம் முழுக்க இப்படித்தான் நிற்கிறது, அப்பா. ஒவ்வொன்றின் அடியிலும் உங்களைப் போல ஒருவர் "இன்னும் எடுக்கோணுங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில், அம்மா கட்டிலை மறுபடி நகர்த்தும்போது அறை வாசலில் தொங்கும் சேலை அதில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பங்களாவில் கட்டியிருந்த அதே சேலை. இந்த வீட்டில் அந்த அறைக்கு நிலை இருக்கிறது, கதவு இல்லை. மாடி முடிந்ததும் எல்லாக் கதவையும் ஒன்றாக, நல்ல மரத்தில் போடலாம் என்றீர்கள். எனக்குக் கதவு வேண்டும் என்றுதான் மாடி கேட்டீர்கள். அந்த மாடிக்காகக் காத்திருந்து, நான் இன்னும் சேலைக்குப் பின்னால்தான் உடை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் மேஸ்திரி ஏணி வைத்து ஏறி, வெட்டும் மெஷினோடு தளத்தில் நின்றார். சித்தப்பாவும் நானும் கூட நின்றோம். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "எதுன்னாலும் சீக்கிரம் சொல்லுங்க, மழ வருது," என்றார் மேஸ்திரி.

"வெட்டிருங்க," என்றேன்.

"என்னங்க? காதுல உழுவல."

"வெட்டிருங்கண்ணா. தட்டோடு போட்டுருங்க. படிய மட்டும் மேல வரைக்கும் முடிச்சுக் குடுங்க, மொளகு காயப்போடோணும். கீழ ரூமுக்கு ஒரு கதவு."

இவ்வளவு வார்த்தைகளை ஒரே மூச்சில் ஆண்களுக்கு நடுவே நான் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது. "பொண்ணு பாக்க வர்றவங்க..." என்று ஆரம்பித்தார்.

கீழேயிருந்து அம்மா கத்தினாள்: "வர்றவன் எம்பொண்ணப் பாக்கட்டும்! மொட்ட மாடிய எதுக்குப் பாக்கறான்?"

மேஸ்திரி சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. ஆனால் மெஷின் போடப் போனவரைத் தடுத்து, "இருய்யா, ஒடச்சுப்போடாத" என்று தானே ஒவ்வொரு பாட்டிலாகக் கழற்றி, வேட்டியில் துடைத்து, சுவரோரம் வரிசையாக வைத்தார். கடைசிப் பாட்டிலைக் கழற்றிய பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் மிளகுக் கொடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தீப்பொறி பறந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். பல்லில் அந்தச் சத்தம் இறங்கியது.

இப்போது சுவர் காய்ந்துவிட்டது. கட்டில் ஓரிடத்தில் நிற்கிறது. கதவு வேப்ப மரம். மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு சட்டென்று சாத்த வராது, தோளால் ஒரு இடி இடிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் ஊருக்கு வந்தால் முதலில் அதைச் சாத்திக்கொள்கிறேன். உள்ளே ஒரு வேலையும் இருக்காது. சும்மா நிற்கிறேன். கொஞ்ச நேரத்தில் திறந்து வெளியே வந்துவிடுகிறேன். அம்மா பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறாள்.

போன சனிக்கிழமை பஸ் அந்த வளைவில் திரும்பியது. பழக்கத்தில் ஜன்னல் பக்கம் சாய்ந்து தேடினேன். பச்சை இல்லை. எல்லா வீடும் ஒன்று போல இருந்தது. ஒரு கணம் நம் வீடு எது என்றே தெரியவில்லை. இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அப்புறம் தட்டோட்டின் சிவப்பு தெரிந்தது. அதன் மேல் விரித்த சாக்கில் மிளகு. பக்கத்தில் குனிந்து, அதைக் கையால் கிளறிக்கொண்டு அம்மா.

"என்ன கண்ணு தேடற?" என்றார் பக்கத்து இருக்கைப் பெண், யாரென்று தெரியாது.

நான் கை நீட்டினேன். அது உங்கள் கை போலவே நீண்டது. "அதா பாருங்க. எங்க ஊடு."

"எது, அந்தச் சின்னதா இருக்குதே, அதா?"

மாடி இன்னும் எடுக்கோணுங்க என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது, அப்பா. உங்கள் குரலிலேயே வந்தது.

"ஆமாங்க," என்றேன். "அதேதான்."