நூற்றெட்டு முடியுமுன் திருப்பிய சாவி

இன்று உச்சிவேளை நெருங்கும்போது நம் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முருகன் மலைக்குப் போகும் பாதையைக் கேட்கத்தான். பேசி முடிக்கும்வரை வண்டியை அணைக்கவில்லை. டீசல் வாடை அடுப்படிவரை வந்துவிட்டது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். என் வலதுகை மணிக்கட்டு, சாவியைத் திருப்புகிற மாதிரி தானாகத் திரும்பியது. கார் போய்விட்டது. அப்போதிலிருந்து உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். நாலு வரி எழுதுவேன், எழுந்து நடப்பேன். இப்படித்தான் இதை எழுதுகிறேன் உங்களுக்கு.

எண்பதுகளின் நடுவில் ஜவுளி முதலாளி அந்த வெளிநாட்டு டீசல் காரை வாங்கி ஓட்டச்சொல்லி உங்கள் கையில் கொடுத்தபோது, டிரைவர் பெண்டாட்டி என்று என்னையும் சேர்த்துத் தெருவே வந்து பார்த்தது. தினமும் அம்மையார்குப்பம் தறிக்காரர்களிடம் ஒரு நடை, அரக்கோணம் ஸ்டேஷனுக்கு ஒரு நடை. இடையிடையே சோலாப்பூர், பம்பாய் என்று நாள்கணக்கில் ஓட்டம். ஏற்றத்தில் மிதித்தால் முதலில் விசில் சத்தம் வருமாம். அப்புறம் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி பாயுமாம். சாப்பிடும்போது அதைச் சொல்வீர்கள். சொல்லும்போதே உங்கள் வலதுகால் தரையை அழுத்தும்.

பகல் சாப்பாட்டுக்கு வந்தால் வண்டியை ஓடவிட்டபடியே இறங்குவீர்கள். நீங்கள் பின்கட்டில் கைகால் கழுவப் போனதும் சாவியைத் திருப்பி அணைப்பது என் பொறுப்பு. முதல்நாளே சொல்லிக்கொடுத்தீர்கள்:

"டர்போன்னு உள்ள ஒரு காத்தாடி சுத்திகினு கீது. ஓடிவந்த சூட்டோட படக்குனு அணைச்சா எண்ணெய் போகாம வெந்துடும். கொஞ்ச நேரம் சும்மா ஓடணும்."

"எவ்ளோ நேரம் பாவா? என்கிட்ட கடியாரமா கீது?"

"உன் முருகன் கீறாரே. சரவணபவ நூத்தியெட்டு சொல்லு, அப்புறம் திருப்பு."

ஓடிய தூரத்தையும் ஊற்றிய டீசலையும் முதலாளிக்காக நோட்டில் எழுதிவைத்தது நான். மளிகைப் பொட்டலக் காகிதங்களை எழுத்துக் கூட்டிப் படித்தே எழுதக் கற்றவள். ஒருநாள் முதலாளி அந்த நோட்டை மெச்சியதாக வந்து சொன்னீர்கள். அதன்பிறகு, நிற்கிற வண்டி டீசல் குடிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்தவர் டீசலை எரியவிட்டுச் சாமி பேர் சொல்வது பாவம் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். நீங்கள் பின்கட்டுக் கதவைத் தாண்டியதும் ஆறே ஆறு முறை சொல்வேன். ஆறுமுகனுக்கு ஆறு போதாதா? சாவியைத் திருப்பிவிடுவேன்.

ஒருநாள் ஈரக்கையோடு வந்து, அதற்குள் முடித்துவிட்டாயா என்று கேட்டீர்கள்.

"நான் வேகமா சொல்லுவேன் பாவா."

"நீ சொல்ற வேகத்துக்கு சாமிக்கு மூச்சு வாங்கப் போவுது" என்று சிரித்துக்கொண்டே இலைமுன் உட்கார்ந்தீர்கள்.

பம்பாய்க்குப் போகிற வழியில், ஒரு மலையேற்றத்தில் வண்டி நீலப்புகை கக்கி நின்றுவிட்டது. முதலாளி ஏதோ லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தாராம். ஊர் திரும்பியதும் நம் வாசலுக்கே வந்தார். பிரித்துப் பார்த்த மெக்கானிக், சூட்டோடு சூடாக யாரோ தினம் தினம் அணைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டானாம். யார் அது என்று கேட்டார். அவருக்குக் கொடுக்க மோர்ச் செம்போடு வந்த நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

"நான்தாங்க மொதலாளி. பசி. அணைச்சிட்டு உள்ள ஓடியாந்துடுவேன்."

நீங்கள் கதவுப்பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டீர்கள்.

அன்று சாப்பாட்டின்போது, "பாவா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். "மோரு ஊத்து" என்றீர்கள். பிறகு வாடகைக்கு ஓடும் ஒரு பழைய காரில் சேர்ந்தீர்கள். அதற்கு விசில் கிடையாது. சாப்பிடும்போது உங்கள் கால் தரையை அழுத்தவும் இல்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், கிருத்திகைக்கு மலையேறும்போது சொல்லிவிடலாம் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். நீங்கள் காத்திருக்காமல் கண்ணை மூடிவிட்டீர்கள்.

வேகமாகச் சொல்லவில்லை பாவா. ஆறு முறைதான் சொன்னேன். உங்களுக்கு அது தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது தினமும் உச்சிவேளையில் வாசலில் நின்று நூற்றெட்டையும் விரல்விட்டுச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டுமுன்பே கால் பரபரக்கிறது, உள்ளே வேலை கிடக்கிறது என்கிறது. நகரமாட்டேன். முழுதாகச் சொல்லிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, அது ஒன்றும் பெரிய நேரமில்லை. நீங்கள் கைகால் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து உட்காரும் நேரம்தான்.