ஐந்து பென்டிரைவ்களும் ஒரு கடிதமும்

நவம்பர் 4, சனி

பின்லாந்தின் டுர்க்கு நகர நூலகத்தில் இன்று மானம் போனது. விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் இலவச லினக்ஸைச் சொல்லித்தரும் குழுவிடம், "பென்டிரைவில் போட்டோ ஏத்துற மாதிரியே லினக்ஸை ஏத்தினேன், ஓடமாட்டேங்குது" என்று புகார் சொன்னேன். பத்துப் பேரும் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள். ஹில்லா மட்டும் சிரித்தாள். "அதுக்குன்னு தனியா புரோகிராம் இருக்குப்பா. நீ பஸ்ஸை மட்டும் ஓட்டு." பதினைந்து வயது. என் மகள்தான்.

நவம்பர் 11

இனி சனிக்கிழமைதோறும் சவுனா நீராவிக் குளியல் முடிந்ததும் ஹில்லாவோடு பென்டிரைவ் சோதனை. கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டாம். அதிலிருந்தே ஓடும், அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். மொத்தம் ஐந்து பென்டிரைவ், ஐந்து வகை லினக்ஸ், பிடித்தது எது என்று போட்டி. இன்று மின்ட். நான் எட்டு மார்க் போட்டேன்.

"ஸ்கிரீன்ல படம் அழகா இருந்தா மார்க்கா? இப்படித்தான் கார் வாங்கி ஏமாந்தே."

அவள் அம்மா யோஹன்னாவுக்கு ஸ்டாக்ஹோமில் வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் பிரிந்து ஆறு வருடம். அங்கே போவதா, என்னோடு இருப்பதா என்று ஹில்லாவே முடிவெடுக்கட்டும் என்று இருவரும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டோம். பெருந்தன்மை!

நவம்பர் 18

டெபியன். ஏழு. முடிவைப் பற்றி நான் கேட்கவில்லை.

நவம்பர் 25

மீதி மூன்றையும் இன்றே போட்டுப் பார்த்தோம், பப்பி ஜெயித்தது. என் ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் துள்ளி ஓடுகிறது. "இதுதான்ப்பா நம்மளுது." நம்மளுது என்றாள்! நான் சாசேஜ் சுடும்போது எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரை இருண்டு கிடந்தது. கரண்ட் விற்கிற விலையில் இது வேறா என்று பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

நவம்பர் 26

காலையில் ஹில்லாவிடமிருந்து செய்தி: "திறந்து வச்சிட்டு வந்த லெட்டரைப் படிச்சியா?"

ஐயோ.

மூன்று முறை பப்பியைக் கிளப்பினேன். ஒவ்வொரு முறையும் பச்சைக்குழந்தை மாதிரி வருகிறது, ஒன்றும் தெரியாமல். படிக்காமலே அழித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நேரில் சொல்ல முடியாததைத்தானே எழுதியிருப்பாள்? மறுபடி எழுதச் சொல்வதா? கோழைப்பயல் நான். "படிச்சேன் கண்ணு" என்று அனுப்பினேன்.

"எதுவும் சொல்லணுமா?"

"உனக்கு எது சரியோ அதான் எனக்கும்."

ராத்திரி ஒரு "சரி".

டிசம்பர் 6

பின்லாந்துச் சுதந்திர தினம். ஊர் வழக்கப்படி ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி வைத்தேன். யோஹன்னா போன் செய்தாள். ஹில்லா போகிறாளாம். "நீ இவ்வளவு நல்லபடியா எடுத்துப்பேன்னு நான் நினைக்கவே இல்ல."

டிசம்பர் 9

சவுனா போடவில்லை.

டிசம்பர் 30

துறைமுகம். ஸ்டாக்ஹோம் கப்பலுக்கு வரிசை. ஹில்லா என் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"ஒரே ஒரு வார்த்தை, இருன்னு சொல்லு, இருந்துடுறேன்னு லெட்டரோட கடைசி வரில எழுதியிருந்தேன்ல? நீ சொல்லல. ரெண்டு நாள் அழுதேன்ப்பா. அப்புறம்தான் புரிஞ்சுது, எனக்காகத்தான் நீ சொல்லாம இருந்தேன்னு."

சிரிக்கவும் செய்தாள். யோஹன்னா முன்னால் நின்று டிக்கெட்டை ஆட்டினாள்.

"கப்பல்ல இறைச்சி உருண்டை நல்லா இருக்கும், சாப்பிடு" என்றேன்.

தலையாட்டினாள். போனாள்.

நான் படிக்கவே இல்லை கண்ணு. இரு.