பயணிகளின் கனிவான கவனத்திற்கு

அன்புள்ள பாப்பாவுக்கு (உனக்கு நரை விழுந்தாலும் நீ பாப்பாதான்), அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவின் முதுகுவலியும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, அன்று போனில் உன் முகம் வாடித் தெரிந்தது, வெளிச்சம்தான் சரியில்லை என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை.

போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து என்னைச் சொல்ல விடமாட்டாய் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் பஸ் நிலைய அறிவிப்பு அறையில் பொறுப்பாளர் வேலை காலியானது. பழைய பொறுப்பாளரை உனக்கு நினைவிருக்கும், நீ ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று எனக்கு லீவு தர மாட்டேன் என்ற அதே புண்ணியவான். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு லீவு என்று முடிவு செய்கிற நாற்காலி அது. எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. கேட்டுப் போனால், விண்ணப்பித்தவர்கள் எல்லாரும் ஊழியர் கூட்டத்தில் மூன்று நிமிடம் ‘நான் யார்’ என்று பேச வேண்டுமாம். காலமெல்லாம் மைக்கில் பேசுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நீ நினைப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நான் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லையே அம்மாடி. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நீ வந்து நிற்கிறாய். கிழித்துப் போட்டு மறுபடி எழுதினால் உன் அப்பா வருகிறார். அவருக்கு அதில் ஏக சந்தோஷம், தன்னைப் பற்றி இன்னும் நாலு வரி சேர்க்கலாம் என்றார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்து நான் பேசிப் பார்ப்பதைக் கேட்டார். தோளில் தொளதொள என்று இருக்கிறது, கீழே நீளம் அதிகம், பிடித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று தீர்ப்புச் சொன்னார். பிடித்துத் தைத்த பிறகு மிஞ்சியது என் வயதும் ரத்த வகையும்தான்.

கூட்டத்தன்று மேடை ஏறினேன். எதிரே டிரைவர்களும் கண்டக்டர்களும், அத்தனை பேரும் என் குரலை மட்டுமே அறிந்தவர்கள். இத்தனை முகங்களை ஒன்றாகப் பார்த்ததும் கையிலிருந்த காகிதத்தைப் பார்க்கவே மறந்துவிட்டேன். வாயைத் திறந்தேன், “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று வந்துவிட்டது. பின்வரிசையில் கண் அசந்திருந்த ஒரு டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார். கூடமே குலுங்கிச் சிரித்தது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மானம் போனது போனதுதான், இனி எதற்குப் பயம் என்று காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்குத் தெரிந்த விதத்திலேயே என்னை அறிவித்தேன். ஒரு தையல்காரரின் வீடு வழியாக, ஒரு மகள் வழியாக இந்த மேடைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன், எப்போதோ வந்திருக்க வேண்டியது, தாமதத்திற்கு வருந்துகிறேன் என்றேன். கைதட்டினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம், வாய் நிற்கவில்லை. “என் பொண்ணு ஊரைவிட்டுப் போன பஸ்ஸையும் நான்தான் அறிவிச்சேன். கீழே நின்னு கையசைக்க முடியல. ஆனா குரல் ஒரு துளி நடுங்கல. அதுதான் நான்” என்று சொல்லிவிட்டேன். யாரும் கைதட்டவில்லை, அந்த டிரைவர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் இறங்கி வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து நீ என் குரலைக் கேட்டாயா என்று இதுவரை நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. எல்லாம் தன் தையலின் மகிமை என்று உன் அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருக்கிறார். மாப்பிள்ளையிடம் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்காதே, நியாயம் உன் பக்கம் இருந்தால் மட்டும் நில். இருமல் வந்தால் வெந்நீர் குடி.

இருவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, ஊருக்கு வரும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடு. அந்த பஸ்ஸை வேறு யாராவது அறிவிக்கட்டும். ஷிப்ட் போடுவது இனி நான்தான், அன்று கீழே உன் ஜன்னலைத் தேடிக்கொண்டு நிற்பேன்.

இப்படிக்கு,
அறிவிப்பு அறைப் பொறுப்பாளர்,
உன் அம்மா