கக்கத்தில் போட்ட குறி

மதினி,

இன்று காலை கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. பெட்டிகளில் விலை எழுத மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றினேன். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே கை ஓடவில்லை. சங்கரன்கோவில் கடைவீதியில், ஆள் வந்து நிற்கிற நேரத்தில், ஃபேன்சி ஸ்டோர்க்காரி கல்லாவில் உட்கார்ந்து அழுதால் எப்படி இருக்கும்? அழுதேன். வளையல் வாங்க வந்த பெண் வாங்காமலே போய்விட்டாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் உங்கள் வலது அக்குளில் குறி போட்ட பேனாவுக்கும் இதே நெடிதான்.

மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தபோது நீங்கள் மார்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. கையைப் பற்றித்தான் பயந்தீர்கள். அக்குளில் நெறி கட்டுகிற கணுக்களை மொத்தமாக எடுத்துவிட்டால் சிலருக்குக் கை வீங்கிப்போகும் என்பது தையல்காரியான உங்களுக்கு முன்பே தெரியும். அப்படி வீங்கிய கையோடு வந்த ராயகிரி அக்காவுக்கு, ஒரு கையை அகலமாகவும் ஒரு கையை ஒட்டவும் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர் நீங்கள்தானே. "மாரை எடுத்தா எடுத்துட்டுப் போட்டும்ட்டி. இந்தக் கை வீங்குனா நான் எப்படி கத்திரி பிடிப்பேன்?" என்று மதுரை போகும்வரை கேட்டுக்கொண்டே வந்தீர்கள். அண்ணன் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மார்பில் கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஊசியில் போடுவார்கள். நோய் அக்குளுக்குப் போகிற பாதையிலேயே அதுவும் போய் முதல் கணுவில் தங்கும். கேமராவில் அந்த இடம் தெரியும். அந்தக் கணுவை மட்டும் எடுத்துப் பார்த்து, அதில் நோய் இல்லை என்றால் மற்றதைத் தொட வேண்டியதில்லை. வெளியே வந்ததும் நீங்கள் எனக்கே பாடம் எடுத்தீர்கள். "நம்மூர்ல இருந்து ராஜபாளையம் போற பஸ்சு கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டித்தானே போவும்? அங்கன வரலைன்னா அடுத்த ஊருக்கும் போயிருக்காது. அம்புட்டுதான் விஷயம்."

ஊசி போட்டு, படம் எடுத்து, கணு இருக்கும் இடத்தில் தோலின் மேல் குறி போட்டார்கள். மறுநாள் காலை ஆபரேஷன். குறியைத் தேய்த்துவிடாதீர்கள் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார். நீங்களா கேட்பீர்கள்? நல்லதோ கெட்டதோ, மஞ்சள் தேய்த்துத் தலைக்கு ஊற்றாமல் ஒரு காரியத்துக்கும் கிளம்பாதவர். விடிந்ததும் லாட்ஜ் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வந்து நின்றீர்கள்.

"ஏட்டி, கோடு போச்சு. பழக்கதோசத்துல மஞ்சளை வச்சு நல்லா தேய்ச்சுட்டேன்."

இனி இடம் தெரியாமல் எல்லாக் கணுவையும் அள்ளிவிடுவார்கள் என்று நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால் கண்டபடி கத்தினேன்.

நர்ஸும் கத்தினார். டாக்டரம்மா கத்தவில்லை. "கோடு எங்க வசதிக்குத்தாம்மா. மருந்து உள்ளேதானே இருக்கு" என்று கைக்கு அடக்கமான ஒரு கருவியை உங்கள் அக்குளில் வைத்து நகர்த்தினார். ஓரிடத்தில் அது விடாமல் டப் டப்பென்று அடிக்கத் தொடங்கியது. "நம்ம மெஷின் கணக்காலா ஓடுது" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்போடுதான் உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆபரேஷன் நடக்கும்போதே கணுவைச் சோதித்துவிட்டு, அது சுத்தமாக இருக்கிறது, மற்றதைத் தொடவில்லை என்று வெளியே வந்து சொன்னார்கள். அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். நான் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டிப்பிடித்தேன்.

பிறகு கீமோ, கதிர் பாய்ச்சிக் கரண்டு வைப்பது, முடி கொட்டியது, முளைத்தது எல்லாம் முடிந்து மறுபடி மெஷினில் உட்கார்ந்தீர்கள். அந்தத் தீபாவளிக்குத் தெருவே உங்களிடம்தான் தைத்தது. அடுத்த தீபாவளிக்கும்தான். அதற்கப்புறம் முதுகு வலிக்கிறது என்றீர்கள். குனிந்தே தைக்கிற முதுகு வலிக்காதா என்று விட்டுவிட்டோம். ஸ்கேன் எடுத்தபோது எலும்பிலும் இருந்தது, ஈரலிலும் இருந்தது.

கணுவில் இல்லாத நோய் எப்படி வந்தது என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். சிலருக்கு ரத்தத்தின் வழியாக நேராகவும் போய்விடும் என்றார். நீங்கள்தான் என் முந்தானையைப் பிடித்து இழுத்தீர்கள். "அவிய என்ன செய்வாவ? ஊருக்கு ஒரே ரோடா இருக்கு? சும்மா வாட்டி."

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் கேட்டீர்கள். "கணு சுத்தம்னு சொன்னப்ப அவ்வளவு சந்தோசப்பட்டோமே மக்கா, எல்லாம் வீண்தானா?" நான், "கஞ்சி ஆறுது, குடிங்க" என்றேன்.

இப்போது சொல்கிறேன், மதினி. நாங்கள் கும்பிட்டுக் கேட்டது உங்கள் உயிரை. கிடைத்தது கை மட்டும்தான். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்கப்போவதுமில்லை. ஆனால் வீண் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. பேச்சு நின்றுபோன அன்று நான் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். உங்களால் கண்ணைக்கூடத் திறக்க முடியவில்லை. வலது கை மட்டும் மெல்ல எழுந்து, தடவித் தடவி என் முகத்தைக் கண்டுபிடித்து, கண்ணீரைத் துடைத்தது. ஊசி குத்திக் காய்த்துப்போன அந்த விரலின் சொரசொரப்பு இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது.