இடுப்பில் இரண்டு விரற்கடை

இன்று காலை ஷிப்டில் வெள்ளை ரெக்சின் வந்து இறங்கியது. நம் லைனில் எப்போதும் கறுப்பும் சாம்பலும்தானே. வெள்ளை வருவது அபூர்வம். சுருளைப் பிரித்து மிஷின் மேல் போட்டதும் என் கால் பெடலை விட்டு விலகிவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ. "இன்னா மேடம், கனா கண்டுக்கினு கீறீங்களா? லைன் நிக்குது பாருங்க" என்று சூப்பர்வைசர் வந்து நின்றார். தைத்தேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று நாள் முழுக்க என்னோடு வந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இதனால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும்.

நீ என் பக்கத்து மிஷினுக்கு வந்த புதிதில் உன் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் நான்கு பெண்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தாய். வாரம் முழுக்கக் கார் சீட்டுக்கு உறை தைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் தைக்க ஆசைப்பட்ட ஒரே ஆள் நீதான். உன் அறையில் மிஷின் போட இடமில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் மிஷின் சும்மா கிடந்தது. நான் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நீ அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பாய்.

"வாரம் பூரா தச்சிக்கினு, லீவு நாள்லயும் தைக்கிறியேம்மா. கை நோவல?" என்று அம்மா கேட்டார்.

"அது காருக்குத் தைக்கதும்மா. இது மனுசிக்கில்லா" என்றாய்.

நீ தைத்ததெல்லாம் இன்று எந்த மனுஷியும் உடுத்தாத உடைகள். ஸ்ரீபெரும்புதூர் கோயில் தூணில் இருக்கும் சிலைப் பெண்ணின் கொசுவம் இடுப்பில் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள மூன்று வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். சாமியைப் பார்க்காமல் தூணையே சுற்றுகிறாயே என்று காவல்காரர் அதட்டினார். "அளவு பாக்கேன் அண்ணாச்சி, இந்த அக்காளுக்குப் புதுத்துணி எடுக்கணும்" என்று சிலையைக் காட்டினாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் சர்ச் ஹாலில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருந்தது. லேஸ் வைத்த கழுத்தும் தோளில் உப்பிய கையுமாகச் சேலைக்கு ஜாக்கெட் போட்ட பெண்கள். அந்தக் கை எப்படி அமுங்காமல் நிற்கிறது என்பது உன் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டு முறை வெட்டி வீணாக்கினாய். மூன்றாம் முறை உள்ளே வலைத்துணி வைத்துத் தைத்தாய், கை நின்றது. அன்று நீ மிஷினை விட்டு எழுந்து கைதட்டினாய். எல்லாவற்றையும் என் அளவுக்கே தைத்தாய். "உன் தோளு சட்டம் அடிச்ச மாதிரி இருக்குட்டி. துணி அப்படியே நிக்கும்" என்பாய். அவற்றைப் போட்டுக்கொண்டு நீ எடுத்த போட்டோவில் எல்லாம் நான்தான். நீ ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

என் கல்யாணம் நிச்சயமானதும், கவுனை நீ தைப்பதாகச் சொன்னாய். பழைய காலத்து மாதிரி: மூடிய கழுத்து, மணிக்கட்டுவரை கை, மினுக்கு ஒன்றும் இல்லாத வெள்ளை. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை தைத்தாய். கடைசி ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு அம்மாவின் பீரோ கண்ணாடியில் பார்த்தபோது என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. நீ தரையில் உட்கார்ந்து கீழ் மடிப்பைப் பிடித்திருந்தாய். "நட பாப்போம்" என்றாய். நடந்தேன். வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாய். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அந்த வாரம் மறைமலை நகரிலிருந்து மாப்பிள்ளையின் அக்கா வந்தார். கவுனை விரலால் தூக்கிப் பார்த்தார். "இன்னா இது, டிராமா டிரெஸ் மாதிரி கீது? போட்டோல எடுப்பா இருக்காது. நாங்க மெட்ராஸ்ல வாடகைக்குச் சொல்லிட்டோம்" என்றார். நான் கவுனை வாங்கி மடித்தேன். கல்யாணத்துக்கு முன்பே நாத்தனாரோடு எதற்கு வம்பு என்று அம்மா அவருக்குக் காபி போடப் போனார்.

மறுநாள் டீ இடைவேளையில் கவுனைப் பையில் போட்டு உன்னிடம் கொடுத்தேன். "டைட்டா கீதுடி. போட முடியல" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். பிறகு, "அப்படியா? சரி விடுட்டி. கல்யாணப் பூரிப்புல ஒடம்பு போடத்தான செய்யும்" என்றாய்.

கல்யாணத்துக்கு வந்தாய். வாடகைக் கவுன் தோளில் நிற்காமல் வழுக்கியது. சர்ச்சுக்குப் பின்னால் வைத்து, கைப்பையிலிருந்து ஊசி நூல் எடுத்து நீதான் இரண்டு பக்கமும் தைத்துப் பிடித்தாய். நூலைப் பல்லால் கடித்தபோது உன் மூச்சு என் கழுத்தில் பட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். உள்ளே ஆர்கன் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதன்பின் என் ஷிப்டு மாறியது, ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. பஸ் நிற்கும் இடத்தில் நான் இறங்கும்போது நீ ஏறுவாய், கை காட்டுவோம். உனக்கு என் பொய் தெரியும், மன்னித்துவிட்டாய் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அப்படி நினைத்தால் சுலபமாக இருந்தது.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். எல்லாருக்கும்தான் காய்ச்சல் என்று இருந்துவிட்டேன். நான்காம் நாள் உன் அறைப் பெண் போன் செய்து, "அக்கா, அவ போயிட்டா" என்றாள். ஊருக்குப் போய்விட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். "எப்ப வருவா?" என்றுகூடக் கேட்டேன்.

உன் அறைக்கு ஓடி வந்தேன். ஊரிலிருந்து உன் அம்மாவும் வந்தார். "எம்புள்ளைக்கு உடுத்திக் கொண்டுபோக நல்ல துணி ஏதும் இருக்கா தாயி?" என்று கேட்டார். உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலே லேஸ் ஜாக்கெட் இருந்தது. அதை எடுத்து உன் கையில் நுழைக்கப் பார்த்தார். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. பெட்டியில் உன் அளவுக்கு நல்லதாக ஒன்றுமே இல்லை. கடைசியில் அறைப் பெண் ஒருத்தி தன் தீபாவளிச் சேலையைக் கொடுத்தாள்.

பெட்டியின் அடியில் கவுன் இருந்தது. பக்கத் தையலைப் பிரித்து, அகலப்படுத்தி மறுபடி தைத்திருந்தாய். பழைய ஊசித்துளைகூடத் தெரியாமல் தேய்த்து மடித்திருந்தாய். மேலே ஒரு தாள் குத்தியிருந்தது. உன் கையெழுத்து: "இடுப்புல ரெண்டு வெரக்கடை விட்டிருக்கு. அவ வந்ததும் போட்டுப் பாக்கணும்."

நீ நம்பியிருக்கிறாய். நான் சொன்னதை அப்படியே நம்பி, உன் கைதான் தப்பு என்று நினைத்து, பிரித்துத் தைத்திருக்கிறாய்.

உன் அம்மா தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். "யாரு தாயி இந்த அவ?"

"தெரியலம்மா" என்றேன்.

அவர் பெட்டியோடு ஊருக்குப் போனார். கவுனைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாகச் சொல்வார்; அந்தப் பெண் வந்தால் கொடுக்க வேண்டுமாம், மகள் பாடுபட்டுத் தைத்ததாம். ஒவ்வொரு வருஷமும் உன் திதி முடிந்ததும் எனக்குப் போன் செய்து அதைத்தான் கேட்கிறார். "அந்தப் புள்ள கண்ணுல பட்டாளா தாயி?"

இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போனை எடுக்கிறேன். கவுன் டைட்டாக இல்லை, ஓரிடத்தில்கூட இழுக்கவில்லை, உன் கையில் தப்பில்லை என்று அவரிடமாவது சொல்ல வேண்டும்.

"இன்னும் வரலம்மா" என்கிறேன்.