வீட்டில் நான்கு பேர்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். முழங்கால் வலியைப் பற்றி விசாரிக்க வேண்டாம். அது என்னைப் போலவே பிடிவாதமாக இருக்கிறது.

அணைக்குக் கீழே டேட்டா சென்டர் வருகிறது. நீங்கள் போனில் எடுக்கும் படங்களெல்லாம் இனி அங்கேதான் இருக்குமாம். இங்கே கரண்டும் தண்ணீரும் தாராளம், ஆட்கள் குறைவு. அதனால்தான் இந்த இடமாம். அப்பா முப்பது வருடம் மின்நிலையத்தில் உண்டாக்கிய கரண்ட் கம்பி வழியே நகரத்துக்குப் போனது. நீயும் அதன் பின்னாலேயே போனாய். இப்போது கரண்டைத் தேடி நகரமே இங்கு வருகிறது.

நம் தெருவையும் எடுத்துக்கொள்கிறார்கள். குடும்பமாக இருந்தால் மாற்று வீடு. தனி ஆளுக்கு முதியோர் இல்லத்தில் ஓர் அறை. கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள்.

"பாட்டி, வீட்ல எத்தனை பேரு?"

"மேடம்னு கூப்பிடும்மா. நாலு பேரு."

"மத்தவங்க எங்க மேடம்?"

"வெளியே போயிருக்காங்க."

பதினோரு வருடமாக என்று நான் சொல்லவில்லை. நான் படித்த கான்வென்டில் பொய் சொன்னால் முட்டி போட வேண்டும். இந்த முழங்காலோடு அதுவும் முடியாது.

புதன்கிழமை அவள் மறுபடி வந்து நான்கு பேரையும் நேரில் பார்ப்பாளாம். நீயும் மருமகளும் குழந்தையும் அந்த ஒரு நாள் வந்தால் போதும். உன் அறையைத் துடைத்துவிட்டேன். குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று தெரியாததால் பெரிய போர்வையாகவே எடுத்து வைத்தேன்.

வர முடியாவிட்டால் காரணம் எழுதாதே. நாலை அடித்துவிட்டு ஒன்று என்று நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

உன் அம்மா