சோடாபுட்டி இல்லாமல் இறங்கிய பனிமலை

இன்று காலை ஹீட்டர் மேல் காயப்போட்டிருந்த கையுறையிலிருந்து ஈரக் கம்பளி வாடை கிளம்பியது. நனைந்த நாயின் வாடை என்று நீ மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அதே வாடை. வெளியே எங்கள் எடிசன் ஊரின் தெருவெல்லாம் பனி. காரை மண்வெட்டியால் தோண்டி எடுத்துவிட்டு உள்ளே வந்தவள், காபியைக்கூடக் குடிக்காமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். படிக்க நீ இல்லை என்பது தெரியும். தெரிந்தால் மட்டும் உன்னைத் திட்டாமல் இருந்துவிடுவேனா?

கோவைக் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு செமஸ்டர் படிக்க நியூ ஜெர்சிக்கு வந்தவர்கள் நாம் இரண்டு பேர். பனிச்சறுக்குக்கு மாணவர்களைப் பஸ்ஸில் அழைத்துப் போகிறார்கள் என்றதும் ஓடிப்போய் முதலில் பெயர் கொடுத்தவள் நீ. என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாய். "ஊருக்குத் திரும்பிப் போய் என்னத்தடி சொல்லுவ? லைப்ரரில உக்காந்திருந்தேன்னா?" என்று என் வாயை அடைத்தாய். இத்தனைக்கும் உன் அப்பா உன்னை அனுப்பச் சம்மதித்ததே பெரிய சண்டைக்குப் பிறகுதான். ஏதாவது ஒன்று என்று காதில் விழுந்தால் அடுத்த விமானத்தில் கூப்பிட்டுக்கொள்வேன் என்று சொல்லித்தான் ஏற்றிவிட்டிருந்தார்.

காலையில் பழகுமேட்டில் ஒரு வெள்ளைக்காரப் பையன் நமக்கு இரண்டே வித்தைதான் கற்றுக்கொடுத்தான். ஒன்று, பின்பக்கம் அடிபடாமல் விழுவது. இன்னொன்று, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிய பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, குதிகாலை அழுத்தி, மெல்ல வழுக்கி இறங்குவது. முதல் வித்தையில் நாம் தேறிவிட்டோம். மதியத்துக்குள் ஜீன்ஸ் தொப்பலாக நனைந்துவிட்டது. அப்போதுதான் மலை உச்சிக்குப் போகும் தொங்கு நாற்காலி உன் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"மேல போய் ஒரு போட்டோ எடுத்துட்டு, அதுலயே இறங்கி வந்துரலாம் வா."

"இறக்கிவிடுவாங்களாடி?"

"பழனில விஞ்ச்ல போனதே இல்லையா நீ? ஏத்துறவன் இறக்க மாட்டானா?"

பழனிக்காரி இவ்வளவு அடித்துச் சொல்கிறாளே என்று நானும் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மேலே போகப் போகப் பழகுமேடு கீழே எங்கோ போய்விட்டது, காற்று நாற்காலியை ஆட்டியது. உச்சியில் நின்றிருந்த தாடிக்காரர் எழுந்திருங்கள், எழுந்திருங்கள் என்று கத்தினார். நாமோ நாற்காலி திரும்பி நம்மைக் கீழே கொண்டுபோகும் என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசி நொடியில் நீ குதித்தாய். உன் மேல் நான் விழுந்தேன். அவர் லிப்டையே நிறுத்திவிட்டார்.

இதில் யாரும் இறங்கிப் போக முடியாது, காற்று பலமாகிவிட்டது, மூடப்போகிறோம் என்றார். நம் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கூட்டிப்போக ஆளை வரச்சொல்கிறேன் என்று வாக்கி டாக்கியை எடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நீயோ குறுக்கே பாய்ந்து, "நோ நோ, வீ நோ, வீ கேன்" என்றாய். அவர் இரண்டு தரம் கேட்டும் அதையே சொன்னாய். கடைசியில் இருப்பதிலேயே சுலபமான பாதையைக் கைகாட்டினார்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றேன்.

"ரிப்போர்ட் எழுதுவாங்க. காலேஜுக்கு மெயில் போகும். எங்கப்பா காதுக்குப் போச்சுன்னா என் படிப்பு அவ்ளோதான். நீ கம்முனு முன்னாடி போ, நான் பின்னாலயே வர்றேன்."

உன் சோடாபுட்டிக் கண்ணாடியைக் காணோமே என்று கேட்டதற்கு, பனி ஒட்டுகிறது, பையில் வைத்திருக்கிறேன் என்றாய். உன்னைச் சபித்துக்கொண்டே நான் முன்னால் இறங்கினேன். நீ என்னைப் பலிகொடுக்க முன்னால் தள்ளுகிறாய் என்றே நினைத்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பத்தடி வழுக்குவதும் பொத்தென்று உட்காருவதுமாகப் போனோம். பாதி வழியில் பாதை இடப்பக்கம் வளைந்தது. நான் வளைந்து நின்று திரும்பிப் பார்த்தால், நீ வளையாமல் நேராக மரங்களைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாய். "உக்காருடீ!" என்று நான் போட்ட கூச்சலில் பொத்தென்று உட்கார்ந்தாய். உனக்கும் ஒரு பைன் மரத்துக்கும் நடுவே கை நீட்டும் தூரம்தான் இருந்தது. 

"மரம் தெரியலையாடி எருமை?"

"தெரியலடி. கண்ணாடி உச்சில குதிச்சப்பவே விழுந்துருச்சு. உன் செவப்பு ஜாக்கெட்ட வெச்சுத்தான் வந்துட்டிருந்தேன். இப்ப அதுவும் தெரியல."

உன்னை அங்கேயே அறைந்திருப்பேன். கால்கள் பலகையில் கட்டியிருந்ததால் தப்பித்தாய். திரும்பி மேலே ஏற முடியாது, கூப்பிட்டால் கேட்க ஆளும் இல்லை.  "பேசிட்டே வாடி. என்ன வேணா சொல்லு, வாய மட்டும் மூடாத" என்றாய். பேசினேன். வலதுகைப் பக்கம் ஐஸ், அந்தப் பக்கம் போகாதே. இப்போது மெதுவாக. உட்கார். எழுந்திரு. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை.

கடைசியில் வந்தது அந்தச் செங்குத்து.  உள்ளதைச் சொன்னால் நீ அசைய மாட்டாய், இருட்டில் இரண்டு பேரும் அங்கேயே விறைத்துப்போவோம்.

"முன்னாடி என்னடி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சமமாத்தான் இருக்கு. குதிகாலை மட்டும் நல்லா அழுத்திட்டு வா."

வந்தாய். சர்ரென்று இறங்கி, என் மேல் மோதி, இருவரும் உருண்டு, விளக்கு வெளிச்சத்தில் போய் விழுந்தோம். பஸ் நமக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வாயில் போன பனியைத் துப்பிவிட்டு நீ சொன்னாய்: "பொய்யின்னு தெரியும்டி. உன் குரல் நடுங்குச்சு. நடுங்கிட்டே கூப்புடறாளே, சரி போவோம்னுதான் வந்தேன்."

உன் அப்பாவுக்குக் கடைசிவரை அந்தக் கதை தெரியாது. நீ கோவையில் வேலைக்குப் போனாய், நான் இங்கேயே திரும்பி வந்து குடும்பமானேன். போன புரட்டாசியில் உன் அண்ணன் எனக்குப் போன் செய்து, உன் நோயிலிருந்து டாக்டர்கள் கைவிரித்தது வரை எல்லாவற்றையும் சொன்னார். உன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். டிக்கெட் போட்டுவிட்டு உன்னை வீடியோவில் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதியாகக் கிடந்தாய்.

"எல்லாரும் மழுப்புறாங்கடி. நீயாச்சும் சொல்லு. இனி எனக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அடுத்த வாரம் நான் அங்க இருப்பேன் பாரு."

 "குரல் நடுங்குதுடி உனக்கு" என்றாய். நான் உடைந்து அழுதேன், நீ அழவில்லை. "சரி விடு, பேசிட்டே இரு" என்றாய். பேசினேன். ஆபீஸ், மானேஜர், இங்கே கிடைக்கும் சொத்தைக் கத்திரிக்காய் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். நீ கண்ணை மூடிய பிறகும் பேசினேன். உன் அண்ணன்தான் வந்து போனை எடுத்து, "தூங்கிட்டாம்மா" என்றார்.

நான் வந்து இறங்கியபோது உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நான் வாயை மூடினால் நீ எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் எங்கோ நின்றுவிடுவாய் என்ற பயம் என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. பாத்திரம் துலக்கும்போது பேசுகிறேன், ஹைவேயில் கார் ஓட்டும்போது பேசுகிறேன். யாரிடம் பேசுகிறாய் என்று என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் கேட்பதில்லை. டிவி சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைக்கிறார்.